ஆறாயிரம் பவுண்டுக்குள் ஒரு பழைய கூபே: எதை வாங்குவது, எதை விட்டு விலகுவது?

நெடுஞ்சாலை (ஹரோ)

அனைவருக்கும் வணக்கம். பதினொரு வருடங்களாகப் பிள்ளைகளையும் அவர்களின் பைகளையும் மாமியாரின் சக்கர நாற்காலியையும் ஏற்றிச் சென்ற ஏழு இருக்கை வண்டியைத் தவிர வேறெதையும் ஓட்டாத நான், இளைய மகளும் பல்கலைக்கழகம் போய்விட்ட இந்த ஆண்டில், ஞாயிறு காலைகளில் எனக்காக மட்டும் ஓட்டுவதற்கு ஒரு பாவித்த கூபே (தாழ்ந்த கூரையுள்ள, பெரும்பாலும் இரண்டு கதவுக் கார்) வாங்க முடிவு செய்திருக்கிறேன். வீட்டிலும் சம்மதம் கிடைத்துவிட்டது. கையில் இருப்பது 6,000 பவுண்டு. அதற்கு மேல் சல்லிக்காசு கிடையாது.

பெற்றோல் எஞ்சின், கையால் மாற்றும் கியர், குறைந்தது 180 குதிரைத்திறன் ஆகியவை வேண்டும். ஒயில் மாற்றுவது, பிறேக் பாட் மாற்றுவது போன்ற வேலைகளை வீட்டு வாசலிலேயே செய்துகொள்வேன். என் பட்டியலில் நான்கு கார்கள் இருக்கின்றன: பிஎம்டபிள்யூ 330சிஐ (ஈ46 என்ற தலைமுறை), நிசான் 350இசட், மாஸ்டா ஆர்எக்ஸ்-8, டொயோட்டா செலிக்கா 190. நான்கையும் பற்றி விசாரித்தால் நான்குக்கும் ஒவ்வொரு பயங்கரக் கதை சொல்கிறார்கள். எந்தப் பயத்துக்கு உண்மையான காரணம் இருக்கிறது, எதைச் சமாளிக்கலாம் என்று அனுபவித்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன். நான் இருப்பது யூலெஸ் (லண்டனின் புகைக் கட்டண வலயம்) எல்லைக்குள் என்பதையும் கவனத்தில் கொள்ளுங்கள்.

ஈரத்தார் (லெஸ்டர்)

வணக்கம் அண்ணா. ஒன்பது வருடங்களாக 330சிஐ வைத்திருக்கிறேன் என்பதால் அதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன்.

அந்த மூன்று லீற்றர் ஆறு சிலிண்டர் எஞ்சின் 231 குதிரைத்திறன் தரும். ஆனால் எண்ணைவிட அது தரும் விதம்தான் முக்கியம். மூன்றாம் கியரில் இரண்டாயிரம் சுற்றிலிருந்து ஆறாயிரத்து ஐந்நூறு வரை எங்கும் தயங்காமல், ஒரே இழுப்பாக, பட்டுத்துணியை இழுப்பதுபோல் போகும். இன்று இந்த விலைக்கு இப்படிப்பட்ட நேர்வரிசை ஆறு சிலிண்டர் எஞ்சினை வேறெங்கும் பெற முடியாது என்பதே என் உறுதியான கருத்து.

அந்த இழுப்பு காரின் உடலை என்ன செய்கிறது என்பதில்தான் சிக்கல். பின்சில்லுகளையும் டிஃபரென்ஷியலையும் (எஞ்சினின் திறனை இரு பின்சில்லுகளுக்கும் பகிரும் பற்சக்கரப் பெட்டி) தாங்கும் சட்டம், காரின் பின்தளத் தகட்டில் நான்கு இடங்களில் போல்ட் போட்டுப் பிணைக்கப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு முறை கிளச்சை விடும்போதும், ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்கும்போதும், அந்தச் சட்டம் தகட்டை முன்னும் பின்னும் முறுக்குகிறது. இருபது வருட முறுக்கலில் உலோகம் களைத்து, போல்ட்டைச் சுற்றி மயிரிழைபோல் வெடிப்பு விழுகிறது, ஒட்டுப்புள்ளிகளும் விடுபடுகின்றன. இது எல்லா ஈ46 கார்களிலும் வரக்கூடிய ஒன்று. வேகமாக ஓட்டப்பட்டவற்றில் சீக்கிரம் வரும்.

என் காரை ஒரு பாவித்த கார் விற்பனையாளரிடம் வாங்கினேன். அடிப்பக்கம் முழுவதும் கறுப்புப் பூச்சு புதிதாகப் பளபளத்தது. துருத்தடுப்புக்காகப் பூசியது என்று அவர் சொன்னதை நம்பினேன். மூன்று வாரம் கழித்து, சிவப்பு விளக்கிலிருந்து புறப்படும்போதெல்லாம் பின்னால் 'டொக்' என்று ஒரு சத்தம் வரத் தொடங்கியது. ஜாக்கில் தூக்கி, டோர்ச் வெளிச்சத்தில் இடது முன் போல்ட்டின் ஓரத்தை நகத்தால் சுரண்டினேன். பூச்சு ரப்பர் தோல்போல் உரிந்து வந்தது. அதன் கீழே என் சுண்டுவிரல் நீளத்துக்கு வெடிப்பு. நான்கு இடங்களிலும் தகடு வைத்து வெல்டிங் செய்ய, காருக்குக் கொடுத்த பணத்தில் ஏறத்தாழப் பாதி செலவானது. அதன் பிறகு இன்றுவரை அந்தப் பக்கத்தில் ஒரு சத்தமும் இல்லை.

ஆகவே, ஏற்கெனவே தகடு வைத்து வலுப்படுத்தப்பட்ட காரை, அதற்கான படங்களோடும் பில்லோடும் தேடுங்கள். அடுத்தது குளிரூட்டும் பகுதி. கூலன்ட் தொட்டியும் குழாய் இணைப்புகளும் பிளாஸ்ரிக் என்பதால் வயதானால் நொறுங்கும். அலுமினியத் தலை கொண்ட எஞ்சின் ஒரே ஒரு தடவை கொதித்தாலும் தலை வளைந்துவிடலாம். தொட்டி, ரேடியேற்றர், தண்ணீர் பம்ப், தேர்மோஸ்ராற் எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றிய ரசீது இல்லையென்றால், வாங்கிய முதல் மாதத்திலேயே மாற்றிவிடுங்கள்.

சுழலி (மில்டன் கீன்ஸ்)

ஆர்எக்ஸ்-8 பற்றி எழுதியாக வேண்டும், ஏனென்றால் இந்தக் காரைப் பற்றிப் பரவியிருக்கும் பயத்தில் பாதி அறியாமையால் வந்தது.

இதில் பிஸ்டன் கிடையாது, வால்வு கிடையாது, டைமிங் பெல்ட்டும் கிடையாது. ஒவ்வொன்றும் 654 கன சென்டிமீட்டர் கொண்ட இரண்டு அறைகளுக்குள் இரண்டு முக்கோணச் சுழலிகள் உருள்கின்றன. ஒவ்வொரு முக்கோணத்தின் மூன்று முனைகளிலும் அறைச் சுவரை உரசிக்கொண்டே போகும் சீல்கள் உள்ளன. இந்த எஞ்சினின் ஆயுள் அவற்றில்தான் இருக்கிறது. அவற்றுக்கு வழவழப்புத் தருவதற்காகவே ஒரு சிறிய பம்ப் ஆயிலை அறைக்குள் செலுத்துகிறது. ஆகவே இந்த எஞ்சின் ஆயில் குடிப்பது பழுது அல்ல. அது அப்படித்தான் வடிவமைக்கப்பட்டது. பெட்ரோல் போடும் ஒவ்வொரு இரண்டாம் முறையும் குச்சியை எடுத்து அளவு பார்க்காதவர்கள் இந்தக் காரை வாங்கக் கூடாது.

இது எப்படிச் சாகிறது என்று தெரிந்தால் எப்படிக் காப்பாற்றுவது என்பதும் தெரியும். முதலில் தீப்பொறியை உண்டாக்கும் இக்னிஷன் காயில்கள் பலவீனமாகின்றன. பொறி சரியாக விழாததால் எரியாத பெட்ரோல் சைலன்சர் பாதையில் போய், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரில் எரிந்து அதை உருக்கி அடைக்கிறது. வெளியேற வழியில்லாத வெப்பம் எஞ்சினுக்கே திரும்ப, சீல்கள் தேய்கின்றன. கடைசியில் சூடான நிலையில் வண்டி ஸ்டார்ட் ஆகாது. காயில்களைத் தேயும் பொருளாகக் கருதி நேரத்துக்கு மாற்றினால் இந்தச் சங்கிலி முதல் கண்ணியிலேயே அறுந்துவிடும். குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்து, வண்டியை வாசலில் பத்தடி நகர்த்திவிட்டு உடனே அணைக்கவும் கூடாது. பெட்ரோல் தேங்கி, மறுநாள் உயிர் பிடிக்காது.

பார்க்கப் போகும்போது அரைமணி நேரம் ஓட்டி நன்றாகச் சூடாக்குங்கள். அணைத்துவிட்டுப் பத்து நிமிடம் பேசிக்கொண்டிருங்கள். பிறகு சாவியைத் திருப்புங்கள். உடனே பற்றிக்கொண்டால் நல்லது; நீண்ட நேரம் சுற்றினால் கம்ப்ரஷன் (அறைக்குள் காற்றை அழுத்தும் திறன்) போய்விட்டது என்று பொருள். உறுதியாகத் தெரிய, சுழலி எஞ்சினுக்கென்றே உள்ள கருவியால் சோதிக்க வேண்டும். அது ஒரு சுழலியின் மூன்று பக்கங்களுக்கும் மூன்று தனி எண்களைத் தரும். சாதாரண மானி மூன்றில் உயர்ந்ததை மட்டும் காட்டி ஏமாற்றிவிடும்.

இவ்வளவு தொல்லைக்கு என்ன பலன் என்று கேட்கலாம். 231 குதிரைத்திறன் மாடலில் முள் ஒன்பதாயிரத்தை நெருங்கும்போதும் எஞ்சினில் அதிர்வே தெரியாது. எஞ்சின் சிறியது, முன் அச்சுக்குப் பின்னால் தாழ்வாக அமர்ந்திருக்கிறது. அதனால் வளைவில் மூக்கைத் திருப்பினால் எடையே இல்லாததுபோல் திரும்பும். பிள்ளைகள் வீட்டுக்கு வரும் நாளில், பின்பக்கமாகத் திறக்கும் சிறு கதவுகளால் பின் இருக்கையில் இரண்டு பெரியவர்கள் மெய்யாகவே உட்கார முடியும்.

இன்னொன்றும் சொல்கிறேன், பலருக்கு இது பிடிக்காது. எஞ்சின் செத்துப்போன, ஆனால் உடல் சுத்தமான ஆர்எக்ஸ்-8 ஒன்றை அடிமாட்டு விலைக்கு வாங்கி, சுழலி எஞ்சின் தெரிந்த பட்டறையில் புதுப்பித்துக்கொள்வதுதான் இந்தக் காரை வாங்கும் மிகச் சரியான வழி.

நெடுஞ்சாலை (ஹரோ)

இருவருக்கும் நன்றி. சுழலி, உங்கள் கடைசிப் பத்தி என்னைத் திகைக்க வைத்தது. ஓடாத காரை வாங்குவது ஓடும் காரை வாங்குவதைவிடச் சரியாக இருக்க முடியுமா?

கராஜ்காரன் (குரொய்டன்)

முடியும், தம்பி. முப்பத்தொரு வருடம் கராஜில் வேலை செய்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் சொல்கிறேன். எஞ்சின் எவ்வளவு கெட்டாலும் அதைக் கழற்றி மேசையில் வைக்கலாம். வேலை தொடங்கும் முன்பே செலவு இவ்வளவு என்று ஒரு தொகை சொல்லலாம். துருவுக்கு அப்படித் தொகை சொல்ல முடியாது. கதவுக்குக் கீழே நீளும் பக்கச் சட்டத்தில் காசளவு ஓட்டை தெரிந்தால், வெட்டிப் பார்க்கும்போது கையளவு இருக்கும். நல்ல தகட்டைத் தேடி வெட்டிக்கொண்டே போனால் சிலவேளை கதவுத்தூண் வரை போகும். உங்கள் பட்டியலில் உள்ள நான்குமே இன்று பதினைந்து இருபது வயதைத் தாண்டியவை, ஒவ்வொரு குளிர்காலமும் றோட்டு உப்பில் நனைந்தவை. ஆகவே எந்தக் கார் என்பதைப் பிறகு பார்க்கலாம். முதலில் எந்த உடல் என்று பாருங்கள்.

இந்த நாட்டில் அதற்கு ஒரு நல்ல வசதி இருக்கிறது. காரின் பதிவு இலக்கத்தைப் போட்டால், 2005 முதல் நடந்த எம்ஓடி சோதனைகளின் (கார் றோட்டில் ஓடத் தகுதியானதா என்று வருடந்தோறும் பார்ப்பது) முடிவுகள் அரசின் இணையப் பக்கத்தில் இலவசமாகக் கிடைக்கும். பெரும்பாலானோர் தேறியதா தவறியதா என்று மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். அது போதாது. 'கவனிக்க வேண்டியவை' என்று சோதகர் எழுதிய குறிப்புகளை முதல் வருடத்திலிருந்து வரிசையாக, ஒரு நோயாளியின் கோவையைப் படிப்பதுபோல் படியுங்கள். மூன்று வருடம் தொடர்ந்து 'அடிச்சட்டத்தில் துரு' என்று எழுதப்பட்டு, நான்காம் வருடம் அந்த வரி காணாமல் போயிருந்தால், வெல்டிங் பில் எங்கே என்று கேளுங்கள். பில் இல்லையென்றால் அது ஈரத்தார் சொன்ன கறுப்புப் பூச்சுத்தான். இரண்டு சோதனைகளுக்கு இடையில் கார் முந்நூறு மைல்தான் ஓடியிருக்கிறது என்றால் சந்தோஷப்படாதீர்கள். நின்ற காரில் பிறேக் இறுகும், ரப்பர் காயும், பெற்றோல் தொட்டி வியர்க்கும். ஒரே தேய்மானக் குறிப்பு ஒவ்வொரு வருடமும் திரும்பத் திரும்ப வந்தால், சொந்தக்காரர் தேறுவதற்கு வேண்டியதை மட்டும் செய்பவர் என்று தெரிந்துகொள்ளலாம்.

ஆறாயிரத்தில் நாலாயிரத்துக்கு மேல் காருக்குக் கொடுக்காதீர்கள். மீதி இரண்டாயிரம் முதல் வருடத்தின் பங்கு. அதை ஒதுக்காமல் வாங்கியவர்களின் கார்கள்தான் ஆறு மாதத்தில் 'நேரமில்லாததால் விற்பனைக்கு' என்று திரும்பி வருகின்றன.

பட்டியலில் இல்லாத ஒன்றையும் சொல்ல ஆசைப்படுகிறேன், ஏனென்றால் அதில்தான் நான் தொழில் பழகினேன். போர்ஷே 944, 1982 முதல் 1991 வரை வந்தது. எஞ்சின் முன்னால், கியர்பெட்டி பின் அச்சில். அதனால் எடை முன்னும் பின்னும் ஏறக்குறையச் சமமாக இருக்கும், அந்தச் சமநிலை கைக்குத் தெரியும். 2.5 லீற்றர் நான்கு சிலிண்டர் எஞ்சினின் அதிர்வைக் குறைக்க இரண்டு சமநிலைத் தண்டுகள் வைத்திருந்தார்கள். அந்த உத்தி மிட்சுபிஷியிடம் உரிமம் பெற்றது. துத்தநாகம் பூசிய உடல் என்பதால் அந்தக் காலத்துக் கார்களைவிடத் துருவைத் தாங்கும், ஆனால் பக்கச் சட்டத்தின் பின்முனையைக் கட்டாயம் பார்க்க வேண்டும். முன்பக்க சீல்களில் ஒயில் கசிந்து டைமிங் பெல்ட்டில் விழும். பெல்ட் அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் மோதி வளையும். ஆரம்ப மாடலில் 163 குதிரைத்திறன்தான் என்பதால் உங்கள் கணக்குக்குக் குறைவு. உங்கள் தொகைக்கு நல்லது கிடைப்பதும் இன்று கடினம். என்றாலும் ஒரு தடவையாவது யாருடையதையாவது கேட்டு ஓட்டிப் பாருங்கள்.

மூன்றாம்கியர் (கோவென்ட்ரி)

யூலெஸ் பற்றியும் சாலை வரி பற்றியும் யாரும் சொல்லவில்லை, ஆனால் ஹரோவில் இருப்பவருக்கு அதுதான் முதல் வடிகட்டி.

2023 ஆகஸ்ட் 29 முதல் லண்டனின் எல்லாப் பகுதிகளும் யூலெஸ் எல்லைக்குள் வந்துவிட்டன. பெட்ரோல் கார் என்றால் யூரோ 4 என்ற புகைத் தரம் வேண்டும். இல்லையென்றால் ஓட்டும் ஒவ்வொரு நாளுக்கும் 12.50 பவுண்டு. 2005-க்குப் பிறகு பதிவானவை பொதுவாகத் தேறும், அதற்கு முந்தையவற்றிலும் சில தேறும். மாடலை வைத்து ஊகிக்காமல், பார்க்கப் போகும் காரின் எண்ணையே லண்டன் போக்குவரத்துத் துறையின் பக்கத்தில் போட்டுப் பாருங்கள். ஐயா சொன்ன 944 நாற்பது வயதைத் தாண்டி வரலாற்று வாகனமாகப் பதிவானால் இந்தக் கட்டணமும் இல்லை, சாலை வரியும் இல்லை.

வரியில் ஒரு பொறி இருக்கிறது. கிலோமீட்டருக்கு 225 கிராமுக்கு மேல் கரியமில வாயு வெளியிடும் கார் 2006 மார்ச் 23-க்கு முன் பதிவாகியிருந்தால் ஒரு வரம்புக்குள் வரி கட்டினால் போதும்; அன்றைக்கோ அதற்குப் பிறகோ பதிவானது என்றால் மேல் அடுக்குகளுக்குப் போய்விடும். 350இசட், ஆர்எக்ஸ்-8 இரண்டுமே 225-ஐத் தாண்டுபவை. ஒரே நிறம், ஒரே எஞ்சின், ஒரே மைலேஜ் கொண்ட இரண்டு கார்களுக்கு நடுவில், பதிவு நாள் ஒன்றினால் மட்டும் ஆண்டுதோறும் பெரிய வித்தியாசம் விழும்.

350இசட்-டைப் பொறுத்தவரை அந்த 3.5 லிட்டர் வி6 முரட்டுத்தனமானது, நம்பகமானது. 2007-இல் வந்த 313 குதிரைத்திறன் எஞ்சின் எல்லாவற்றிலும் சிறந்தது, ஆனால் வரிப் பொறிக்குள் விழுகிறது. இடையில் வந்த 300 குதிரைத்திறன் எஞ்சின்களில் சில ஆயில் குடிக்கும். குச்சியைப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

நான் பரிந்துரைப்பது செலிக்கா 190. ஏறத்தாழ 1,200 கிலோ எடை, டைமிங் செயின், டொயோட்டா உதிரிபாகங்கள். யமஹாவோடு சேர்ந்து உருவாக்கிய அந்த 1.8 எஞ்சினைத்தான் லோட்டஸ் எலீஸிலும் வைத்தார்கள். ஆறாயிரத்து இருநூறு சுற்று வாக்கில் எண்ணெய் அழுத்தம் ஒரு சிறு ஊசியைத் தள்ள, வால்வுகள் உயரமான கேமுக்கு (வால்வைத் தள்ளித் திறக்கும் மேடு) மாறுகின்றன. அந்த இடத்தில் சத்தமே மாறி, இன்னொரு எஞ்சின் விழித்துக்கொண்டதுபோல் இருக்கும். அந்த அமைப்பின் 'லிஃப்ட் போல்ட்' தேய்ந்து முறிவதுதான் தெரிந்த குறை. முறிந்தால் கார் ஓடும், ஆனால் மேல் சுற்றில் அந்த மாற்றம் வராது. போல்ட்டின் விலை அற்பம். வால்வு மூடியைத் திறக்கத் தெரிந்தால் ஒரு மதியவேளை வேலை. பழைய சொந்தக்காரர் மூன்றாவதிலிருந்து நான்காவதுக்குப் போக நினைத்து இரண்டாவதில் போட்டிருந்தால் எஞ்சினின் ஆயில் பம்ப் போயிருக்கலாம், அதுதான் உண்மையான ஆபத்து.

ஈரத்தார் (லெஸ்டர்)

மூன்றாம்கியர் சொல்வதில் பிழையில்லை. ஆனால் செலிக்கா முன்சில்லால் இழுபடும் கார். பின்சில்லு தள்ளும் கூபேயில், வளைவின் நடுவில் ஆக்சிலரேட்டரை மெல்ல அழுத்தும்போது காரின் பின்புறம் அமர்ந்து, திருப்பத்தை முடித்துக்கொடுக்கும் அந்த உணர்வுக்காகத்தான் இந்தப் பாடெல்லாம் படுகிறோம். முதல் கூபே வாங்குபவர் அதை இழப்பது சரியா?

மூன்றாம்கியர் (கோவென்ட்ரி)

அந்த உணர்வை நான் மறுக்கவில்லை. ஆனால் முன்சக்கர இழுவை என்பதால் ஒரு கூபே குறைந்துபோகாது. என் முதல் கார் ஃபோர்ட் பூமா 1.7, வெறும் 125 குதிரைத்திறன், ஃபியஸ்டாவின் அடித்தளம். அதன் கியர் குச்சி உள்ளங்கையில் வந்து விழும் சுகத்தையும், ரவுண்டானாவில் அது திரும்பும் கூர்மையையும் பிறகு வாங்கிய விலை உயர்ந்த கார்களில் நான் காணவில்லை. பின் சக்கர வளைவுகளில் துரு தின்னாத பூமா கிடைத்தால், பாதிப் பணத்தில் வேலை முடிந்துவிடும்.

இன்னொரு முன்சக்கரக் கார், ஃபியட் கூபே 20வி டர்போ. கிறிஸ் பேங்கிள் வரைந்த உடல், ஐந்து சிலிண்டர், 220 குதிரைத்திறன். என் மனதுக்கு மிகவும் நெருக்கமான வடிவம் அதுதான். ஆனால் டைமிங் பெல்ட் மாற்ற எஞ்சினையே இறக்க வேண்டும் என்பதால், வாசலில் நின்று வேலை செய்ய விரும்பும் ஒருவருக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன்.

கராஜ்காரன் (குரொய்டன்)

இருவரும் சொல்வது சரி, இருவரும் உடலைப் பார்க்காமல் பேசுகிறீர்கள். லண்டனிலிருந்து இரண்டு மணி நேரத் தூரத்துக்குள் விற்பனைக்கு இருப்பவற்றில் சுத்தமான உடல் எதற்கு இருக்கிறதோ, அது முன்சில்லா பின்சில்லா என்பதை அந்தக் கார் தீர்மானிக்கட்டும். தம்பி, போவதற்கு முன் தொலைபேசியில் ஒன்று மட்டும் கேளுங்கள்: நான் வரும்வரை எஞ்சினைத் தொடாமல் வையுங்கள் என்று. குளிர்ந்த எஞ்சின் எதையும் ஒளிக்காது.

நெடுஞ்சாலை (ஹரோ)

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன். பதினான்கு கார்களின் எம்ஓடி வரலாற்றை வரிசையாகப் படித்து, பதினொன்றை வீட்டிலிருந்தே தள்ளினேன். ஆர்எக்ஸ்-8 ஒன்று நான் அழைத்த அன்றே விற்றுப்போனது. மீதி இரண்டை நேரில் பார்த்தேன்.

முதலாவது 350இசட். விளம்பரத்தில் 2006 என்று மட்டும் இருந்தது. இலக்கத்தைப் போட்டபோது பதிவு ஜூன் மாதம் என்று தெரிந்தது. வரியைப் பொறுத்துக்கொள்ளலாம் என்று போனேன். எஞ்சினைத் தொட வேண்டாம் என்று கேட்டிருந்தும், கை வைத்தபோது பொனற் வெதுவெதுப்பாக இருந்தது. காரைக் கழுவுவதற்காக நகர்த்தினேன் என்றார் விற்பவர். கார் காய்ந்திருந்தது. நன்றி சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

இரண்டாவது, நோர்தாம்ப்டனில், 2005-இல் பதிவான வெள்ளி நிறச் செலிக்கா 190. யூலெஸ் தேறுகிறது என்று முதலே பார்த்துவிட்டேன். ஓய்வுபெற்ற ஒருவரின் கார். பில்கள் ஒரு பிஸ்கற் ரின்னுக்குள் வருட வாரியாக ரப்பர் வளையம் போட்டு இருந்தன. பொனற் பனிக்கட்டிபோல் இருந்தது. முழந்தாளிட்டு டோர்ச்சோடு பக்கச் சட்டங்களை முனை முதல் முனை வரை விரலால் தட்டிக்கொண்டு வந்தேன்; எங்கும் சத்தம் மாறவில்லை, எங்கும் புதுப் பூச்சும் இல்லை. பின் சஸ்பென்ஷன் கைகளில் மேலோட்டமான துரு இருக்கிறது. எம்ஓடி குறிப்பிலும் அதே வார்த்தைதான் இருந்தது.

இருபது நிமிடம் மெதுவாக ஓட்டிச் சூடாக்கிய பிறகு, ஆள் நடமாட்டமில்லாத ஏற்றத்தில் இரண்டாம் கியரில் அழுத்தினேன். ஆறாயிரத்தைத் தாண்டியும் சத்தம் மாறவில்லை. ஏழாயிரம் வரை அதே குரல்தான். பக்கத்தில் இருந்த பெரியவரிடம், இது முன்பு இப்படியா என்று கேட்டேன். தான் ஒருநாளும் நாலாயிரத்தைத் தாண்டியதில்லை என்று மிக நேர்மையாகச் சொன்னார். ஒயில் குச்சியில் அளவு சரியாக இருந்தது. லிஃப்ட் போல்ட்தான் முறிந்திருக்க வேண்டும் என்று இந்த இழையைத் தொலைபேசியில் திறந்து காட்டினேன். அவர் விலையில் நானூறு குறைத்தார். 3,300 பவுண்டுக்கு முடித்தோம்.

புதிய போல்ட்டுகளும் வால்வு மூடிக்கான கஸ்கெற்றும் நேற்று வந்துவிட்டன. சனிக்கிழமை காலை திறக்கிறேன். மூன்றாம்கியர், இரண்டு போல்ட்டுகளையும் ஒன்றன்பின் ஒன்றாகக் கழற்ற வேண்டுமா, அல்லது இரண்டையும் எடுத்துவிட்டுப் புதியவற்றைப் போடலாமா? முறிந்த துண்டு உள்ளே விழுந்திருந்தால் எங்கே தேடுவது என்றும் சொல்லுங்கள். கழற்றியவற்றின் படத்தை இங்கேயே இடுகிறேன்.

மூன்றாம்கியர் (கோவென்ட்ரி)

ஒன்றன்பின் ஒன்றாகவே எடுங்கள். முறுக்கு அளவைப் பட்டறைக் கையேட்டிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். நினைவிலிருந்து யார் சொன்னாலும் நம்பாதீர்கள், நான் சொன்னாலும். முறிந்த தலை பெரும்பாலும் மூடிக்குக் கீழே பள்ளத்தில் எண்ணெயோடு கிடக்கும்; தொலைநோக்கிக் குச்சி போல நீளும் காந்தம் ஒன்று இருந்தால் போதும். எண்ணெய் வடியும் துளைகளை முதலில் துணியால் அடைத்துவிட்டுத் தொடங்குங்கள். சனிக்கிழமை நான் வீட்டில்தான் இருப்பேன்; சிக்கினால் உடனே இங்கே எழுதுங்கள்.